பொலிகாளை வளர்த்து விற்க நினைக்கிறீர்களா? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டோங்காட், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கம் கரும்புக்காடு வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலர், ஓரமாகக் கிடக்கும் புல்நிலத்தில் மாடு விடலாமா, அதிலும் இளங்காளைகளை வளர்த்துப் பொலிகாளையாக விற்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் யாரும் இதை ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. ஒரு அலுவலகத்தில் பாதி, ஏலக்காரரிடம் கால், பக்கத்துப் பண்ணைக்காரரிடம் மீதி என்று பொறுக்கித்தான் நான் தெரிந்துகொண்டேன். காளை நன்றாக வளர்ந்து நிற்கும், காகிதம் இருக்காது, வண்டி திரும்பி வரும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறிமாடு எடைக்கு விற்கும். பொலிகாளை நம்பிக்கைக்கு விற்கும். வாங்குபவர் தன்னிடமுள்ள இருபது இருபத்தைந்து பசுக்களின் அடுத்த வருடத்துக் கன்றுகளை உங்கள் ஒரு காளையை நம்பி விடுகிறார். அந்த நம்பிக்கையைத் தருவது மருத்துவர் சோதனையும் கையில் இருக்கும் காகிதங்களும்தான், பளபளக்கும் தோல் இல்லை.

1. விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இங்கே கோடையில்தான் மழை. புல் வந்த பிறகு, நவம்பர் டிசம்பரில்தான் பெரும்பாலான பண்ணைகள் பசுக்களோடு காளையை விடுகின்றன. அதனால் காளை வாங்குபவர்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தேடுவார்கள், பெரிய காளை ஏலங்களும் அப்போதுதான். ஜனவரியில் காளையைக் கொண்டுபோய் நின்றால் கறிமாட்டு விலைதான் கேட்பார்கள்.

செப்டம்பரில் பிறந்த கன்று ஏழு மாதத்தில், அதாவது ஏப்ரலில், பால் மறக்கும். அடுத்த செப்டம்பரில் அதற்கு ஒரு வயது, விற்க அவசரம். அதற்கடுத்த செப்டம்பரில் இரண்டு வயது, சரியான நேரம். ஆக, பால்மறந்த கன்றை வாங்கினால் இரண்டு குளிர்காலத்தை உங்கள் செலவில் தாண்ட வேண்டும், காசு திரும்பி வரப் பதினேழு மாதம் ஆகும். அவ்வளவு நாள் பணத்தை முடக்க முடியாதவர்கள் இதில் இறங்காதீர்கள், பால்மறந்த கன்றாகவே விற்றுவிடுவது நல்லது.

2. கன்று வாங்கும் முன்பே சூட்டுக்குறியைப் பதிவு செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவில் 2002-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் கால்நடை அடையாளச் சட்டப்படி உங்கள் மாட்டில் உங்கள் பெயரில் பதிவான குறி இருக்க வேண்டும். பிரிட்டோரியாவில் இருக்கும் பதிவாளருக்கு விண்ணப்பம் போக வேண்டும், கட்டணம் உண்டு. அதிகபட்சம் மூன்று எழுத்துகள் கொண்ட குறி கிடைக்கும். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் அந்த எழுத்துக்கு இரும்பு அடிக்கக் கொடுக்க முடியும். இது உடனே நடக்கிற காரியம் இல்லை, அதனால்தான் கன்றுக்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

ஒரு மாதம் தாண்டிய கன்றுக்குக் காதில் பச்சை குத்தலாம், ஆறு மாதம் ஆனதற்குச் சூடு போடலாம். முன்பல் இரண்டு விழுந்து முளைத்துவிட்டால் சூட்டுக்குறி கட்டாயம். வெளியிலிருந்து வாங்கியதற்கு 14 நாளுக்குள் உங்கள் குறியையும் போட்டுவிடுங்கள். பழைய குறியின் மேலே போடாதீர்கள், பக்கத்திலோ கீழேயோ போடுங்கள். அழிந்த குறி, ஒன்றன் மேல் ஒன்றான குறி இரண்டையும் பார்த்தால் மாட்டுத் திருட்டுப் பிரிவுப் போலீசுக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

3. எந்தக் கன்று, யாருக்காக?

யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் கன்று பார்க்கப் போகாதீர்கள். நம் பக்கத்தில் வாங்குபவர்கள் இரண்டு வகை. ஒருவர் வணிகப் பண்ணைக்காரர். அவருக்கு இனச் சங்கத்துப் பதிவு, எடைப் பதிவு, தாயின் கன்று ஈனும் இடைவெளி எல்லாம் வேண்டும். இன்னொருவர் ஊர்ப் பொதுநிலத்தில் மேய்க்கும் ஜூலு விவசாயி. அவருக்கு உண்ணியைத் தாங்கும், குளிர்காலத்தில் எலும்பும் தோலுமாகப் போகாத, பசுவுக்குப் பிரசவத்தில் தொல்லை தராத காளை வேண்டும். புதியவர்கள் இரண்டாமவருக்காக வளர்க்கத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அவர் பக்கத்திலேயே இருக்கிறார், நல்ல காளை கொடுத்தால் அண்ணன் தம்பியையும் அழைத்து வருவார்.

கடற்கரைப் பக்கம் வெப்பமும் ஈரமும் உண்ணியும் அதிகம். நிகுனி, பிராமன் என்ற இரண்டு மாட்டினமும் இதைத் தாங்கும். நிகுனி உடல் சிறியது, செலவு குறைவு, கன்று சிறியதாகப் பிறக்கும். போன்ஸ்மாரா நல்ல இனம்தான், ஆனால் பதிவுக் காளையாக விற்க வேண்டுமானால் சங்கத்துப் பரிசோதகர் வந்து பார்த்துத் தேற வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். பதிவுக் கன்று வாங்கும்போது "காகிதம் பிறகு அனுப்புகிறேன்" என்ற பேச்சை நம்பவே வேண்டாம். பிறப்புப் பதிவும் தாய் தகப்பன் விவரமும் கையில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஃப்ரீ ஸ்டேட் போன்ற உண்ணி குறைந்த மேட்டு நிலத்தில் வளர்ந்த கன்று விலை மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் கொழுகொழுவென்று இருக்கும். அதைக் கொண்டுவந்து நம் கடற்கரைப் புல்லில் விட்டால் உண்ணி பரப்பும் ஹார்ட்வாட்டர், ரெட்வாட்டர் என்ற இரண்டு நோயும் சில வாரத்தில் கொண்டுபோய்விடும். சின்னக் கன்றுகளுக்கு இந்த இரண்டு நோயையும் எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே கொஞ்ச காலம் இருக்கும், அந்த வயதில் உண்ணி கடித்து வளர்ந்தது பிழைக்கும். வளர்ந்த பிறகு முதல்முறை உண்ணியைப் பார்க்கும் மாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே உங்கள் நிலம் போன்ற நிலத்தில் பிறந்த கன்றையே தேடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கன்றைப் பார்க்கும்போது தாயையும் காட்டச் சொல்லுங்கள். மடி எப்படி, குளம்பு எப்படி, குணம் எப்படி என்று பாருங்கள். மிரளும் பசுவின் மகன் பெரும்பாலும் மிரளும். கன்றை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள், விரை இரண்டும் சமமாக இறங்கியிருக்க வேண்டும். ஒன்று மேலேயே நின்றால் எவ்வளவு அழகான கன்றாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

4. ஏற்றிக் கொண்டுவரும் நாள்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டியில் ஏற்றும் முன் கையில் இருக்க வேண்டியவை:

விற்றதற்கான அடையாளச் சீட்டு. 1959-ஆம் ஆண்டின் கால்நடைத் திருட்டுச் சட்டப்படி விற்பவர் தர வேண்டியது. அவர் பெயர், முகவரி, மாட்டின் விவரம், குறி, தேதி, கையெழுத்து இருக்க வேண்டும்.

நகர்த்தும் சீட்டு. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு. பொதுச்சாலையில் மாட்டை நடத்திக் கொண்டுபோனாலும் வண்டியில் ஏற்றினாலும் வேண்டும். எங்கிருந்து எங்கே, யாருடையது, எத்தனை, காளையா பசுவா, என்ன நிறம், என்ன குறி, ஓட்டுபவர் யார், வண்டி எண் என்ன என்று எழுதியிருக்க வேண்டும். "பழுப்பு மாடு 3" என்று மட்டும் எழுதிய சீட்டை என்2 சாலையில் நிறுத்திக் கேட்டால் அது சீட்டே இல்லை. "பழுப்பு, நெற்றியில் வெள்ளை, இடது பின்தொடையில் இந்தக் குறி" என்று ஒவ்வொன்றுக்கும் எழுதச் சொல்லுங்கள். இந்தச் சீட்டுகளை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

உடல்நல உறுதிமொழி. 2021-இல் கோமாரி நம் மாகாணத்தில் தலைகாட்டிய பிறகு கெடுபிடி கூடிவிட்டது. 2022 அக்டோபரில் வந்த விதிப்படி, பிளவுபட்ட குளம்புள்ள எந்தக் கால்நடையை நகர்த்தினாலும் அதன் உடல்நிலை பற்றி உரிமையாளர் எழுத்தில் உறுதி தர வேண்டும், வாங்கியவர் 28 நாள் அதைத் தன் மந்தையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடங்களில் அரசுக் கால்நடை மருத்துவரின் அனுமதி இல்லாமல் மாட்டை அசைக்கவே முடியாது. இந்த எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன மாதம் திறந்திருந்த இடம் இந்த மாதம் மூடியிருக்கும். விற்பவரிடம் கேட்காதீர்கள், ஏலக்காரரிடமும் கேட்காதீர்கள், உங்கள் மாவட்ட அரசுக் கால்நடை அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். ஒருமுறை தொலைபேசியில் "எல்லாம் சரி, கொண்டு வாருங்கள்" என்று சொன்ன ஏல மைதானத்திலேயே, வாசலில் உறுதிமொழிப் படிவம் இல்லை என்று எங்கள் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். டீசல் காசு, ஓட்டுநர் கூலி, வெயிலில் நின்ற காளைகளின் எடை எல்லாம் நம் கணக்கில்தான்.

28 நாள் பிரித்து வைப்பது என்றால் வேலி மட்டும் போதாது. தண்ணீர்த் தொட்டி தனி, தீவனத் தொட்டி தனி, வேலிக்கு வேலி மூக்கு உரசாத தூரம் வேண்டும். வேலையாள் கடைசியாகத்தான் அந்தப் பட்டிக்குள் போக வேண்டும்.

5. ஊசியும் உண்ணியும்

அடைப்பான் ஊசி வருடம் ஒருமுறை, சட்டப்படி கட்டாயம். சப்பை நோய், போட்டுலிசம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் கழலை நோய்க்கு ஆகஸ்ட் வாக்கில், பூச்சிகள் பெருகும் முன் போட்டுவிட வேண்டும். அந்த நோய் வந்து பிழைத்த காளைகூட மலடாகிப் போகலாம். மருந்தைக் கடையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில்தான் எடுத்து வர வேண்டும். காரின் முன்சீட்டில் வெயிலில் கிடந்த மருந்தைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான்.

கருச்சிதைவு நோய்க்கான எஸ்19 ஊசி கிடேரிகளுக்கு மட்டும், அதுவும் நான்கு முதல் எட்டு மாதத்துக்குள். காளைக்கன்றுக்குப் போட்டால் விரை வீங்கிக் கெட்டுப்போகும். கூட்டமாக அடைத்து வரிசையாக ஊசி போடும் நாளில் இந்தத் தவறு நடக்கும், அதனால் காளைக்கன்றுகளை முதலிலேயே வேறு பட்டிக்கு மாற்றிவிட்டு ஊசியை எடுங்கள்.

காளைக்கு ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஜூலையில் கடும் காய்ச்சல் வந்தால் ஆகஸ்ட் சோதனையில் தோற்கும், காளை கெட்டது என்று அர்த்தமில்லை. அறுபது நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

6. தீவனம்: செலவின் பெரும்பகுதி இங்கேதான்

மழைக்காலத்தில் புல் பார்த்துக்கொள்ளும். மே முதல் ஆகஸ்ட் வரை முற்றிப்போன மேட்டுப் பக்கத்துப் புல்லில் சத்தே இருக்காது. முதல் குளிர்காலத்தில் நாளைக்கு 2 கிலோ அடர்தீவனம், 120 நாள், 240 கிலோ. இரண்டாவது குளிர்காலத்தில் நாளைக்கு 4 கிலோ, 480 கிலோ. மொத்தம் 720 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஏறக்குறைய பதினைந்து, ஒரு காளைக்கு. உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில் மூட்டை விலை கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். வைக்கோலும் உப்புக்கட்டியும் இதற்கு மேல். கரும்பு வெட்டும் காலத்தில் தோகை நம்மிடம் சும்மாவே கிடைக்கிறது. வயிறு நிரம்பும், ஆனால் புரதம் மிகக் குறைவு, தோகையை மட்டும் நம்பிக் காளை வளர்க்க முடியாது.

நாளைக்கு அறுநூறு எழுநூறு கிராம் எடை ஏறினால் போதும். பலர் ஏலத்துக்கு முந்தைய மூன்று மாதம் மக்காச்சோளத்தைக் கொட்டிக் கொழுக்க வைக்கிறார்கள். விரைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் அங்கே சூடு தங்கி விந்து கெடும், வயிற்றில் அமிலம் ஏறிக் குளம்பு நோகும், வாங்கியவர் நிலத்தில் புல்லுக்கு விட்டதும் ஒரே மாதத்தில் உடம்பு இறங்கிவிடும். அப்படிக் கொடுத்த காளைக்குப் பிறகு அவர் உங்களிடம் வரமாட்டார்.

இன்னும் இரண்டு ஆபத்து. யூரியா கலந்த நக்குக்கட்டி மழையில் நனைந்து தொட்டியில் தண்ணீர் தேங்கினால் அதைக் குடித்த மாடு செத்துப்போகும், தொட்டிக்குக் கூரையும் அடியில் ஓட்டையும் வையுங்கள். பருத்திக்கொட்டை மலிவு என்று இளங்காளைக்கு அள்ளிப் போடாதீர்கள், அதிலுள்ள காசிபோல் என்ற பொருள் விந்து உற்பத்தியைக் கெடுக்கும்.

7. தனியே வையுங்கள், செல்லம் கொடுக்காதீர்கள்

ஒன்பது பத்து மாதத்திலேயே காளைக்கன்று பசு மேல் ஏறும். பால் மறந்ததும் பிரித்துவிடுங்கள். பசுவையே தொடாத காளை என்று சொல்லி விற்பதற்குத் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் டிரைக்கோமோனியாசிஸ், விப்ரியோசிஸ் இரண்டும் இணைசேரும்போதுதான் தொற்றும், காளை வெளியே எந்த அறிகுறியும் காட்டாது, பசுக்கள்தான் சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். பக்கத்து வேலி தளர்ந்திருந்தால் ஒரே இரவில் அந்த மதிப்பு போய்விடும்.

மூன்று நான்கு காளைகளை ஒன்றாகவே வளருங்கள். தாயில்லாத கன்றைப் புட்டியில் பால் கொடுத்து, நெற்றியைத் தடவி, நந்தி போலக் கும்பிட்டு வளர்ப்பது நம் வீடுகளில் வழக்கம். எனக்கும் அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் மனிதனைத் தன் இனம் என்று நினைத்து வளர்ந்த காளை இரண்டு வயதில் அதே நெற்றியால் ஆளைத் தள்ளும், ஆளைக் கொல்லும் அளவுக்குத் தள்ளும். புட்டிக் கன்று ஆணாக இருந்தால் காயடித்துவிடுங்கள். அதைப் பொலிகாளையாக யாருக்கும் விற்காதீர்கள்.

8. மருத்துவர் வரும் நாள்

விற்பனைக்கு ஆறேழு வாரம் முன்பே நாள் குறித்து வாங்குங்கள். ஆகஸ்டில் எல்லோரும் கேட்பார்கள், கிடைக்காது. மருத்துவர் கட்டணத்தில் தூரத்துக்கான காசு பெரிது, அக்கம்பக்கத்தில் காளை வைத்திருப்பவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் பங்கிட்டுக்கொள்ளலாம். மாட்டை அசையாமல் நிறுத்தும் நல்ல நெருக்குக்கூண்டு இல்லாத இடத்தில் இந்தச் சோதனை நடக்காது, அதை முதலில் கட்டுங்கள்.

என்ன செய்வார்? கண், பல், குளம்பு, நடை பார்ப்பார். விரை இரண்டையும் கீழே இறக்கிப் பிடித்து, அகலமான இடத்தில் நாடா சுற்றி அளப்பார். பரவலாகப் பின்பற்றும் அளவு 15 மாதம் வரை 30 செ.மீ., இரண்டு வயது தாண்டினால் 34 செ.மீ. நிகுனி போன்ற சிறிய இனங்களுக்கு மருத்துவர் இனத்தைப் பார்த்துச் சொல்வார். பிறகு விந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். குறைந்தது 30 சதவீதம் முன்னோக்கி நீந்த வேண்டும், 70 சதவீதம் வடிவம் சரியாக இருக்க வேண்டும். நுண்ணோக்கி கொண்டுவராமல் நாடாவை மட்டும் சுற்றிவிட்டுச் சான்றிதழ் தருபவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கருச்சிதைவு நோய்க்கு ரத்தம் எடுப்பார். காசநோய்ச் சோதனைக்குத் தோலில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வந்து படிக்க வேண்டும், ஆக இரண்டு முறை வண்டிக் காசு. இணைசேர்க்கை நோய்களுக்கு ஆண்குறி உறையைக் கழுவி மாதிரி எடுப்பார். அதைத் திங்கள் செவ்வாயில் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ஆலர்டன் ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சனி ஞாயிறு வந்து மாதிரி வீணாகிவிடும்.

9. தேறாதவற்றை என்ன செய்வது?

நம்மவர்கள் பேசத் தயங்கும் விஷயம் இது. பத்துக் கன்று வளர்த்தால் பத்தும் பொலிகாளை ஆகாது. தேறாதது கறிக்குத்தான் போகும், ஏலத்தில் விட்டபின் யார் வாங்குகிறார் என்று உங்களால் தடுக்க முடியாது. புரட்டாசி விரதம் இருக்கும் வீட்டில் அதே மாதம் இந்த ஏலங்கள் நடக்கின்றன, வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகும். இதைத் தொடங்கும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் எடுத்த முடிவு, பால் மறக்கும்போதே கறாராகப் பொறுக்கி, சந்தேகமான கன்றைக் காயடித்து, மந்தையில் எருதாக வைக்க விரும்பும் அக்கம்பக்கத்து ஜூலு குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிடுவது. லாபம் குறையும். அது முடியாது, மனமும் ஒப்பாது என்றால் காளையை விட்டுவிட்டுக் கறவைப் பசு வைத்துக்கொள்ளுங்கள்.

10. விற்பது

ஏலம் என்றால் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், பட்டியல் அச்சாகும் முன் சான்றிதழ்கள் போய்ச் சேர வேண்டும். அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, வங்கி விவரம் கேட்பார்கள். கமிஷன் எத்தனை சதவீதம், பட்டிக் கட்டணம் உண்டா, விற்காமல் திரும்பினால் என்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். கணக்குக்காக ஒரு காளை 40,000 ராண்டுக்குப் போனது, கமிஷன் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 2,400, அதன் மேல் 15 சதவீத வாட் 360, உங்கள் கைக்கு 37,240. நீங்கள் வாட் பதிவு செய்தவர் என்றால் வாங்குபவர் 46,000 கட்டுவார், அந்த 6,000 உங்களுடையது இல்லை, வரித்துறைக்குப் போக வேண்டியது.

வீட்டிலிருந்தே நேரடியாக விற்றால் கமிஷன் மிச்சம், ஆனால் பணத்தில் கவனம். "வங்கியில் போட்டுவிட்டேன், ரசீது பாருங்கள்" என்று கைப்பேசியில் படம் காட்டுவார்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்க்கும் வரை காளையை வண்டியில் ஏற்றாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

உத்தரவாதத்தை எழுத்தில் கொடுங்கள். எத்தனை மாதத்துக்குள் சினை நிற்கவில்லை என்றால் மறுசோதனை, யார் செலவு, மாற்றுக் காளையா பணமா என்று தெளிவாக எழுதுங்கள். இரண்டு வயதுக் காளைக்கு முதல் பருவத்தில் இருபது இருபத்தைந்து பசுவுக்கு மேல் விடக்கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், நாற்பது பசுவோடு விட்டுவிட்டுப் பிறகு காளை சரியில்லை என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். பருவம் தொடங்க ஒரு மாதமாவது முன்பு காளை புது இடத்துக்குப் போய்விட வேண்டும், 28 நாள் பிரித்து வைப்பதும் அதற்குள் முடிந்துவிடும்.

கடைசியாக, இப்போது விற்பவர் நீங்கள். அடையாளச் சீட்டு, நகர்த்தும் சீட்டு, உடல்நல உறுதிமொழி, மருத்துவர் சான்றிதழ், ஊசி போட்ட தேதிகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டுநர் கையில் கொடுங்கள், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வண்டி போய்ச் சேர்ந்ததும் அன்று மாலையே கூப்பிட்டு, தண்ணீர் குடித்ததா, நடக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் மார்ச் வாக்கில் மறுபடி கூப்பிட்டு, எத்தனை பசு சினை நின்றது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் காளை பார்க்க வருபவர் முதலில் கேட்பது அந்த எண்ணிக்கையைத்தான்.